ஒன்றரை அடி ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை

அத்தியாயம் ஆறு

கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற ஆட்களை எனக்கு அறவே பிடிக்காது. எங்கள் துப்பறியும் நிறுவனம் ஓசூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது. கீழே பன் வேகும்போது மேலே நாங்களும் சேர்ந்து வேகிறோம். கதவில் 'தட்டிவிட்டு வரவும்' என்று என் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். அதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே கதவைத் தள்ளித் திறந்தார் அந்த அம்மாள்.

நான் அப்போதுதான் டீ கொட்டிய சட்டையைக் கழற்றி ஜன்னலில் உதறிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒரு பையன் பொறந்திருந்தா உன் வயசுதான் இருப்பான் தம்பி. கூச்சப்படாம சட்டையைப் போடு" என்று சொல்லிவிட்டு, என் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். மேசை மேல் ஒரு எவர்சில்வர் டப்பாவை வைத்தார். "நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. வெறுங்கையோட யார் வீட்டுக்கும் போற பழக்கமில்ல எனக்கு."

எதிரே இருந்த ருக்மணி அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டார். இந்த நிறுவனத்தின் மூளை அவர்தான். இதற்கு முன்னால் சிப்காட்டில் ஒரு கம்பெனி கேட்டில் நின்று, வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளைச் சோதித்தவர். பையைத் தூக்கிப் பார்த்தே உள்ளே இருப்பது ரசமா குழம்பா என்று சொல்லிவிடுவார். என் பெயர் முனீஸ்வரன். மூளைக்கு வேலையில்லாத எல்லா வேலையும் என்னுடையது.

"சொல்லுங்கம்மா" என்றார் அக்கா.

"என் பேரு கிருபாராணி. ஊரு கிருஷ்ணகிரி. இப்ப மத்திகிரில மக வீட்ல இருக்கேன். மக கெசியா முழுகாம இருக்கா, அஞ்சாம் மாசம். சேதி தெரிஞ்ச அன்னிக்கே பெட்டியோட வந்துட்டேன்."

"எப்ப தெரிஞ்சுது?"

"ரெண்டாம் மாசம். வீடு சின்னது, ஒரு ஹாலு ஒரு ரூமு. ரூம்ல நானும் மகளும் படுத்துக்கறோம். மாப்ள ஹால்ல."

"மாப்ள ஒண்ணும் சொல்லலியா?"

"அவன் சொல்றதுக்கு என்ன இருக்கு? நைட் ஷிப்டு போறவன்தானே."

அந்த மாப்பிள்ளை மேல் எனக்கு முதல் இரக்கம் அங்கேயே பிறந்துவிட்டது. ஆனால் அடுத்து அந்த அம்மாள் சொன்னது வேறு மாதிரி இருந்தது. மாப்பிள்ளை பெயர் ஜோஸ்வின். முன்பெல்லாம் காலையில் ஷிப்டு முடிந்தால் நேரே வீட்டுக்கு வருவான். இப்போது சாயங்காலம்தான் வருகிறான். கேட்டால் ஓ.டி என்கிறான்.

"ஓ.டி பாத்துட்டு வர்றவன் குளிச்சு, தலை சீவி, பவுடர் வாசனையோடவா வருவான்? ஒரு நாளு தலைமுடியில தெர்மாகோல் துணுக்கு இருந்துச்சு. சபைல கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஏதோ வெட்டிக் குடுக்கறான்னு நெனச்சு பாஸ்டர் அம்மாகிட்ட விசாரிச்சேன். அவன் அந்தப் பக்கமே வரலியாம். நேத்து அவன் பையைப் பார்த்தேன். இது இருந்துச்சு."

கைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்து மேசையில் போட்டார். வெள்ளையில் சின்னச் சின்ன நீலப் பூக்கள் போட்ட ஜன்னல் திரை.

"என் மக வீட்ல ஜன்னலுக்குத் திரையே கிடையாது. அப்ப இது எந்த வீட்டுக்கு? எவ வீட்டுக்கு?" குரல் உடைந்தது. அதுவரை அதட்டலாக இருந்த முகம் சட்டென்று வேறு முகமானது. "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாம்மா, ஓ.டி ஓ.டின்னு சொல்லிச் சொல்லி ஒரு நாளு வரவே இல்ல. பர்கூர்ல அவருக்கு வேற குடும்பம் இருந்துச்சு. கெசியாவுக்கு அப்ப நாலு வயசு. என் மகளுக்கு அது நடக்க விடமாட்டேன். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்ச கையோட அவளைக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் இவன் மூஞ்சிய அவ பார்க்க வேண்டாம். பொறக்கற புள்ளையும் பார்க்க வேண்டாம்."

அன்று வெள்ளிக்கிழமை.

"மகளுக்கு இது தெரியுமா?" என்றார் அக்கா.

"அவ அப்பாவி. நர்சரி ஸ்கூல்ல டீச்சரு. நாலு மணி வரைக்கும் புள்ளைங்களோட கத்திட்டு வர்றா. ஸ்பெஷல் கிளாஸாம்."

எல்.கே.ஜி பிள்ளைகளுக்குக்கூட ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிற அளவுக்கு நாடு கெட்டுவிட்டதே என்று நான் வருத்தப்பட்டேன். அக்கா மட்டும் ஏனோ புருவத்தைத் தூக்கினார்.

"நல்லா சாப்பிடறாங்களா?"

"அதுக்கொண்ணும் குறைச்சலில்ல. மூணு அடுக்கு கேரியர் கட்டி விடறேன், வழிச்சு வச்ச மாதிரி காலியா வருது. காலு வீங்குதுன்னு மெரூன் கலர்ல டாக்டர் செருப்பு வாங்கிக் குடுத்ததும் நான்தான். இவன் வாங்கினானா?"

அக்கா திரையைப் பிரித்துப் பார்த்தார். மேல் மடிப்புக்குள் ஒரு ஸ்பிரிங் கம்பி ஓடியது. அதோடு சேர்த்துக் கட்டிய சின்னப் பொட்டலத்தில் ஸ்க்ரூக்கள் இருந்தன.

"முனீஸ், இது என்ன அகலம் இருக்கும்?"

சாண் போட்டேன். "ஒன்றரை அடி."

"வீட்ல ஒன்றரை அடி ஜன்னல் எங்க இருக்கும்?"

"கக்கூஸ்ல."

"கக்கூஸ் ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை போடறவன் உண்டா?"

"ரசனை உள்ளவனா இருந்தா..."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் நிறுத்திக்கொண்டேன். "ஸ்க்ரூ முனையைப் பாரு. தானே துளை போட்டுக்கிட்டு ஏறும். இது தகரத்துக்குப் போடறது. தகரச் சுவரு, உள்பக்கம் தெர்மாகோல், ஒன்றரை அடி ஜன்னல்." அம்மாளிடம் திரும்பினார். "வேற ஏதாவது பார்த்தீங்களா?"

"போன மாசம் வீட்டைப் பெருக்கிட்டு வரலாம்னு கிருஷ்ணகிரிக்கு பஸ்ல போனேன். குருபரப்பள்ளி கிட்ட ரோட்டோரமா இவன் நிக்கறான். தோள்ல பூப்போட்ட தரை விரிப்பைச் சுருட்டி வச்சிருக்கான். நிறுத்துப்பான்னு கத்தினேன். இது பாயிண்ட் டு பாயிண்ட், கிருஷ்ணகிரிலதான் நிக்கும்னுட்டான் கண்டக்டரு. அவனும் ஆம்பளதானே, ஆம்பளைக்குத்தான் சப்போர்ட்டு."

"அங்க பக்கத்துல என்ன கடை இருந்துச்சும்மா?"

"கடை என்ன கடை. பழைய வேனுங்க குப்பை மாதிரி நின்னுட்டிருந்துச்சு."

அக்கா எழுந்துவிட்டார். அம்மாள் திரையை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். "இது சாட்சி. என்கிட்டயே இருக்கட்டும்" என்றார். போகும்போதும் கதவைச் சாத்தவில்லை.

அவர் தலை மறைந்ததும் கீழே போய் பன் வாங்கி வந்து, கருவாட்டுக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டேன். துப்பறியும் தொழிலில் இப்படிச் சில நல்ல விஷயங்களும் உண்டு. கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் வாசனை போகவில்லை.

ஸ்கூட்டரில் குருபரப்பள்ளிக்குப் போவது என்பது கன்டெய்னர் லாரிகள் மனது வைத்தால் போய்ச் சேருவது. சூளகிரி தாண்டும்வரை நான் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுவிட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

ரோட்டோரமாகத் தகரக் கொட்டகை. முன்னால் கதவில்லாத வேன், கண்ணாடியில்லாத வேன், கதவும் கண்ணாடியும் மட்டும் இருந்த வேன். தலையில் துண்டோடு வெல்டிங் செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அவர்தான் பட்டறைக்காரர் திம்மப்பன்.

"ஏமி காவாலண்ணா?" என்று தெலுங்கில் ஆரம்பித்தவர், என் முழியைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். "வண்டியா, பார்ட்ஸா?"

வழியிலேயே நான் வேஷம் யோசித்து வைத்திருந்தேன். "கோழி ஏத்தறதுக்கு ஒரு வேன் வேணும். நான் கோழி வியாபாரி."

"நாட்டுக்கோழியா, பிராய்லரா?"

"ரெண்டும் கலந்து."

"ஒரே வண்டியிலயா? கூண்டு எத்தனை தட்டு?"

கோழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது தட்டில் வந்த பிறகு நடப்பதுதான். நான் விழிப்பதைப் பார்த்து அக்கா என்னை ஓரமாகத் தள்ளினார்.

"கோழிக்கு இல்லண்ணா. எனக்குத்தான். வேனுக்குள்ள குடியிருக்கணும். ஆனா வெளியில பாக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது."

திம்மப்பனின் முகம் மலர்ந்தது. வெல்டிங் குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "உக்காரு அக்கா. அப்பிடி ஒண்ணு இப்பத்தான் முடிச்சுக் குடுத்தேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு, அதுதான் எனக்கு வருத்தம். எவ்ளோ நல்லா வந்துச்சு தெரியுமா?"

சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர் சொல்லாமல் விட்டது எதுவுமில்லை. சீட்டுகளைக் கழற்றியது, ஒரு பக்கம் பெஞ்சு, இழுத்தால் அதுவே கட்டில், கட்டிலுக்கு அடியில் தண்ணீர் கேன், எதிர்ப்பக்கம் அடுப்பு மேடை, தகரத்தில் தெர்மாகோல் ஒட்டி அதன்மேல் பிளைவுட், மேலே லக்கேஜ் கேரியருக்குள் படுத்திருக்கிற சோலார் தகடு.

"ஷிப்டுக்கு ஆள் ஏத்தற பழைய கம்பெனி வேன் அக்கா அது. வெளிப்பக்கம் கையே வைக்கக் கூடாதுன்னாரு. ஒரு கோட்டு பெயிண்ட் அடிக்கறேன்னேன், ஓடி வந்து கையைப் புடிச்சிக்கினாரு. கீறலு, அழுக்கு, முன்னால கம்பெனி போர்டு, எல்லாம் அப்பிடியே கீது. கண்ணாடிக்குக் கறுப்புப் பேப்பரு, அதுக்கு உள்ளாற பூத்திரை. ஓசூர்ல எங்க நிறுத்தினாலும் ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான்."

"அவரு கூட யாராவது வந்தாங்களா?"

"ஒரு தபா ஒரு பொண்ணு வந்துச்சு."

நான் ஸ்டூலின் நுனிக்கு வந்தேன்.

"வண்டில வர்ற பொண்ணுங்க மாதிரி மூஞ்செல்லாம் துப்பட்டா சுத்தி, கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. மேடை உயரம் சரியான்னு நின்னு பாத்துச்சு. கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பா போட்டிருந்தேன், ரெண்டு போடுங்கண்ணான்னுச்சு. ஏம்மா, ஒண்ணு பத்தாதான்னேன். வீட்ல ஒண்ணு போட்டுப் பிரயோசனமே இல்லண்ணான்னு சிரிச்சுச்சு. அப்பறம் ஓரமாப் போயி வாந்தி எடுத்துச்சு. பெயிண்ட் வாசனை ஒத்துக்கல போல."

"பெயிண்ட்தான் அடிக்கலியேண்ணா" என்றார் அக்கா.

திம்மப்பன் தலையைச் சொறிந்தார். "ஆமால்ல."

எனக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஸ்கூட்டரை எடுக்கும்போது பொறுக்க முடியாமல் கொட்டினேன். "அக்கா, அந்தப் பொண்ணும் மாசமா இருக்கு. படுபாவி, ரெண்டு பக்கமும் தொட்டில் கட்டப் போறான். பாவம் கெசியா."

"அப்படியா சொல்ற?" என்றார் அக்கா. "மத்திகிரி ரோட்டுக்கு விடு. ஷிப்டு வண்டிங்க நிக்கற மைதானம் ஒண்ணு இருக்கு."

"மத்திகிரியா? கள்ளத்தனம் பண்றவன் சொந்த வீட்டுக்கு இவ்ளோ பக்கத்துலயா பண்ணுவான்?"

"மாட்டான். அதனாலதான் அங்க போறோம்."

அக்கா இப்படிப் பேசினால் அதற்குமேல் எதுவும் கேட்டுப் பிரயோஜனமில்லை.

மைதானத்தில் வேன்கள் வரிசை வரிசையாக நின்றன. காலை ஷிப்டுக்கு ஆள் இறக்கிவிட்டு, மதிய ஷிப்டு மாறும்வரை காத்திருக்கிற வண்டிகள். எல்லாம் வெள்ளை, எல்லாம் அழுக்கு, எல்லாவற்றிலும் ஒரு கம்பெனி போர்டு. டிரைவர்கள் ஸ்டியரிங்கில் கால் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜோஸ்வினுக்கு மூளை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அக்கா எதிரே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒவ்வொரு வேனாகக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தேன். நாலாவது வேனில் ஒரு மீசை எழுந்து, "ஏனு நோட்தா இத்தியா?" என்று கன்னடத்தில் உறுமியது. என்ன பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாததால் அடுத்த வரிசைக்கு ஓடினேன். அங்கே ஒரு தமிழ் மீசை இருந்தது. அது கேட்டதை எழுத முடியாது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கிருபாராணி அம்மாள். அவர் கதவைத் தட்டாமல் வருவது போலவே, பேசவிடாமல் கேட்கவும் செய்வார்.

"என்ன தம்பி ஆச்சு? இடம் தெரிஞ்சுதா? தெரிஞ்சிருக்கும், நீ இழுக்கறதுலயே தெரியுது. வீடா? லாட்ஜா?"

"வேனும்மா. மத்திகிரி ரோட்டு மைதானம். இன்னும் எந்த வேன்னு..."

"பொண்ணு உண்டா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். "உண்டும்மா" என்று வாய் சொல்லிவிட்டது. போன் கட் ஆனது.

டீக்கடைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். அக்கா டம்ளரை வைத்த சத்தத்தில் பக்கத்துப் பெஞ்சுக்காரர் திரும்பினார்.

"முதல்ல அவங்க ரெண்டு பேர்கிட்டயும் நான் பேசியிருப்பேன். அவங்களே அம்மாகிட்டச் சொல்லியிருப்பாங்க. கெடுத்தியே முனீஸ்."

"எந்த ரெண்டு பேரு? இன்னும் வேனையே கண்டுபிடிக்கலியே."

"நான் வந்து உக்காந்ததுமே கண்டுபிடிச்சாச்சு. கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே போனியே, கீழ பார்த்தியா?"

அவர் விரல் காட்டிய பக்கம் பார்த்தேன். வேப்ப மரத்தடியில் கடைசி வேன். மற்ற வேன்களுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பக்கவாட்டுக் கதவுக்குக் கீழே, மண்ணில், இரண்டு ஜோடிச் செருப்புகள் வரிசையாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

"வேன்ல ஏறும்போது செருப்பைக் கழட்டி ரோட்ல விட்டுட்டு ஏறறவன் எவனாவது இருக்கானா?" என்றார் அக்கா. "கீறலு, அழுக்கு, போர்டு எல்லாம் கவனமாத்தான் வச்சிருக்காங்க. ஆனா இது நம்ம வீடுன்னு மனசுல பட்டுட்டா, காலு யார் பேச்சையும் கேக்காது. வாசல்ல தானா கழட்டிரும்."

கிட்டே போனேன். ஒன்று ஆண் செருப்பு. இன்னொன்று பெண் செருப்பு. மெரூன் கலர். தடித்த மெத்தை வைத்த டாக்டர் செருப்பு. வேனுக்குள்ளிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது. முதலில் என் கையை மோந்து பார்த்தேன். வாசனை கையிலிருந்து வரவில்லை.

மூணு அடுக்கு கேரியர். நர்சரிப் பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ். பெயிண்ட் இல்லாமலே வந்த வாந்தி. எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. வழக்கம்போல அக்காவுக்கு விளங்கி வெகு நேரம் கழித்து.

"சொந்தப் பொண்டாட்டி கூடவா அக்கா?"

"வேற எங்க போவான்? வீட்ல ரூமுக்குள்ள மாமியாரு. பகல்லயும் மாமியாரு. பொண்ணு மதியமே ஸ்கூல் முடிஞ்சு கேரியரோட இங்க வந்துருது. நாலு மணிக்குத் தனித்தனியா வீட்டுக்குப் போறாங்க."

ஆட்டோ சத்தம் கேட்டது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்ற ஆட்டோவிலிருந்து கிருபாராணி அம்மாள் இறங்கினார். கையில் குடை. மழையும் இல்லை வெயிலும் இல்லை. எங்களைப் பார்த்ததும் அந்தக் குடை வேனைச் சுட்டிக் கேட்டது. நான் மறுப்பாகத் தலையை ஆட்டினேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அக்கா குறுக்கே போனார். "அம்மா, ஒரு நிமிசம் நான் சொல்றதைக் கேளுங்க."

"என் வாழ்க்கைல இருபது வருசம் அடுத்தவங்க சொன்னதைத்தாம்மா கேட்டேன். இன்னிக்கு நானே பார்த்துக்கறேன்."

வேன் கதவை நெருங்கினார். குடைப்பிடியை ஓங்கினார். அப்போது அவர் கண் கீழே போனது.

ஓங்கிய கை அப்படியே நின்றது. மெரூன் செருப்பைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். அவர் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கின செருப்பு அது.

உள்ளே பேச்சுக் குரல். தகரமும் தெர்மாகோலும் தாண்டி மெல்லத்தான் வந்தது, ஆனால் தெளிவாக வந்தது.

"குழம்புன்னா உங்க அம்மா குழம்புதான் கெசி. சூடா சாப்பிட்டா இன்னும் எப்படி இருக்கும்?"

"சூடா சாப்பிடணும்னா அம்மாவும் கூட இருப்பாங்க. நீங்க வாயைத் தொறக்க முடியாது."

"சாப்பிடறதுக்குத் தொறக்கலாம்ல?"

ஒரு பெண் சிரித்தாள். அடக்காத, முழுச் சிரிப்பு. கிருபாராணி அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். சொந்த மகளின் சிரிப்பு அவருக்கே புதிதாக இருந்தது போலிருந்தது.

"இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி ஒளிஞ்சு வாழறது? பேசாம அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்றான் அவன்.

"வேண்டாங்க. ஊருக்குப் போங்கம்மான்னு எந்த வாயால சொல்றது? அப்பா போனப்புறம் அவங்களுக்கு என்னை விட்டா யாரு இருக்கா? அந்த வீட்ல தனியா என்ன பண்ணுவாங்க? அவங்களை வெளிய அனுப்ப மனசு வரலன்னுதானே நாம வெளிய வந்தோம்."

குடை மெல்லக் கீழே இறங்கியது. அம்மாள் கொஞ்ச நேரம் அந்த இரண்டு ஜோடிச் செருப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. நான் அக்கா பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பிறகு அவர் தன் செருப்பைக் கழற்றினார். மெரூன் செருப்புக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, ஒழுங்காக வைத்தார். ஒரு விரலை மடக்கிக் கதவைத் தட்டினார்.

உள்ளே எல்லாச் சத்தமும் நின்றது. "யாரு?" என்றான் ஜோஸ்வின், டிரைவர் குரலை வரவழைத்துக்கொண்டு.

"நான்தான். கிருபாராணி. உள்ள வரலாமா?"

ஏதோ எவர்சில்வர் சாமான் விழுந்து உருண்டது. முதல் தாழ்ப்பாள் திறந்தது. வெகுநேரம் கழித்து இரண்டாவது தாழ்ப்பாள் திறந்தது. கதவு நகர்ந்தபோது, சோற்றுக் கையோடு கெசியா நின்றாள். அவளுக்குப் பின்னால் தட்டோடு ஜோஸ்வின்.

"அத்தை, இன்னிக்கு ஓ.டி சீக்கிரம் முடிஞ்சிருச்சு" என்றான்.

அம்மாள் அதைக் காதில் வாங்கவே இல்லை. எட்டி உள்ளே பார்த்தார். பூப்போட்ட தரை விரிப்பு, சின்ன அடுப்பு, கழுவிக் கவிழ்த்த இரண்டு டம்ளர், நீலப் பூத் திரைகள். ஒரு ஜன்னலில் மட்டும் திரை இல்லை.

"அம்மா, நான் சொல்லணும்னுதான்..." என்று கெசியா அழ ஆரம்பித்தாள்.

"அழாதடி, சோத்துக் கையோட." அம்மாள் கைப்பையைத் திறந்தார். சாட்சியை வெளியே எடுத்து மகளிடம் நீட்டினார். "இந்தா. ஒரு ஜன்னல் தொறந்து கிடக்குது பாரு. வெறுங்கையோட யார் வீட்டுக்கும் போற பழக்கமில்ல எனக்கு."

அக்கா என் சட்டையைப் பிடித்து டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். இரண்டு டீ குடித்து முடிக்கும்வரை வேன் கதவு திறக்கவில்லை. அம்மாள் வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது, அதட்டல் திரும்பியிருந்தது.

"மேடை உயரம் பத்தல. தண்ணி கேனுக்கு மூடி சரியில்ல. மாப்ள வயித்துல பாதிச் சோறுதான் போயிருக்கு" என்றவர், ஆட்டோவில் ஏறிய பிறகு தலையை வெளியே நீட்டினார். "வண்டிய விக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். இனிமே நான் வந்தா அதுலதான் படுத்துக்கப் போறேன். உள்ள ரெண்டு தாழ்ப்பா இருக்குது. எவனும் திடுதிப்புன்னு வர முடியாது."

"கரெக்ட்டுமா. அப்படி வர்றவங்களை எனக்கும் பிடிக்காது" என்றேன். அக்கா என் காலை மிதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த நேரம். கீழே பன் வெந்துகொண்டிருந்ததால் கதவை அகலத் திறந்து வைத்திருந்தோம். வாசலில் நிழல் விழுந்தது. கிருபாராணி அம்மாள், காலடியில் பெட்டி, கிருஷ்ணகிரி பஸ்ஸுக்குக் கிளம்பிய கோலம். பக்கத்தில் மகள் இல்லை. ஒரு கையில் எவர்சில்வர் டப்பா. இன்னொரு கையால் திறந்திருந்த கதவை மூன்று தடவை தட்டினார்.

நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். "கதவு தொறந்துதானேம்மா இருக்கு?"

"தெரியும் தம்பி" என்றார். "பழகிக்கறேன்."